99 பிராங்க்: ஒரு நாவல், ஒரு விலைச்சீட்டு, ஒரு வேலைநீக்கம்

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ் புத்தகக் கடைகளுக்கு ஒரு நாவல் வந்தது. பெயர் '99 பிராங்க்'. விலை எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அட்டையில் தலைப்பாகப் போட்டிருந்ததே விலைதான். எழுதியவர் ஃப்ரெதெரிக் பெக்பெதே, யங் அண்ட் ரூபிகாம் என்ற பெரிய விளம்பர நிறுவனத்தின் பாரிஸ் அலுவலகத்தில் காப்பிரைட்டர், அதாவது விளம்பர வாசகம் எழுதுகிறவர். புத்தகம் வந்தது, வேலை போனது. அவர் அதிர்ச்சி அடைந்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். நாவலின் நாயகன் ஒக்தாவ் பராங்கோவும் ஒரு காப்பிரைட்டர்தான், அவன் இந்தப் புத்தகத்தை எழுதுவதே கம்பெனி தன்னை வெளியே அனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான். தானாக ராஜினாமா செய்தால் கையில் ஒன்றும் வராது, அவர்கள் அனுப்பினால் நல்ல தொகை வரும்!

அந்தத் தலைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். விலையைத் தலைப்பாக வைக்கும் இந்த வேலை எல்லா நாட்டிலும் எடுபடாது. பிரான்சில் 1981 ஆகஸ்டில், அப்போதைய கலாச்சார அமைச்சர் ழாக் லாங் பெயரால் அழைக்கப்படும் ஒரு சட்டம் வந்தது. புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர்தான் நிர்ணயிப்பார், கடைக்காரர் அதில் அதிகபட்சம் 5 சதவீதம்தான் குறைக்கலாம். பாரிஸின் பெரிய சங்கிலிக் கடையாக இருந்தாலும் மலைக்கிராமத்தில் மூன்று அலமாரி வைத்திருக்கும் கடையாக இருந்தாலும் அதே விலை. ஆகவே 99 பிராங்க் என்றால் நாடு முழுக்க 99 பிராங்க். (5 சதவீதம் தள்ளுபடி தரும் கடையில் வாங்கியவர்களுக்கு மட்டும் தலைப்பு பொய், அவர்கள் கொடுத்தது 94 பிராங்கும் சொச்சமும்.) 2002-இல் பிராங்க் போய் யூரோ புழக்கத்துக்கு வந்தபோது புத்தகத்தின் பெயரையும் மாற்ற வேண்டியதாயிற்று. 99 பிராங்க் என்பது கணக்குப்படி 15.09 யூரோ. அப்படி ஒரு எண்ணைத் தலைப்பாக வைக்க எந்த விளம்பரக்காரனுக்கும் மனசு வராது. '14,99 யூரோ' என்று பெயர் மாறியது. பத்து சென்ட் குறைத்து, கண்ணுக்குப் பதினைந்துக்குக் கீழே தெரிகிற மாதிரி. செருப்புக்கடைக்காரர் செய்கிற அதே வேலை.

பிரான்சில் இந்த மாதிரி ஆட்கள் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறார்கள். பகலில் தயிருக்கும் காருக்கும் பெயர் வைப்பார்கள், வாசகம் எழுதுவார்கள், கிளையன்ட் முன்னால் பிரஸன்டேஷன் போடுவார்கள், இரவில் நாவல் எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் பத்திரிகைகள் ஏதோ அதிசயம் போல எழுதும், இலக்கியவாதிகளில் ஒரு பாதி முகம் சுளிக்கும். எனக்கு அந்தச் சுளிப்புதான் அதிசயமாகப் படுகிறது. பிரெஞ்சு நாவலும் பிரெஞ்சு விளம்பரமும் ஏறக்குறைய இருநூறு வருஷமாக ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, நடுவில் இருக்கும் சுவர் ரொம்ப மெல்லிசு.

முதலில் பெக்பெதேவை முடித்துவிடுகிறேன். 1965-இல் பாரிஸை ஒட்டிய நெய்யி என்ற பணக்காரப் புறநகரில் பிறந்தவர். அரசியல் படிப்பு, அப்புறம் விளம்பரப் படிப்பு, அப்புறம் பத்து வருஷம் ஏஜென்சி. முதல் நாவல் 1990-லேயே வந்துவிட்டது, அதாவது விளம்பரத்திலிருந்து ஓய்வு பெற்று எழுத வந்தவர் இல்லை, இரண்டையும் சேர்த்தே ஓட்டியவர். இரவு விடுதிகள், டிவி, பத்திரிகைப் பத்தி என்று எல்லா இடத்திலும் முகம் தெரியும். '99 பிராங்க்' வந்த இரண்டே வருஷத்தில், 2002 அதிபர் தேர்தலில், கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரொபேர் யூவுக்குப் பிரச்சார ஆலோசகரானார். முதலாளித்துவத்துக்குத் தன் வாயை வாடகைக்கு விட்ட ஆள் கம்யூனிஸ்டுகளுக்கு ஸ்லோகன் யோசித்தால் என்ன கிடைக்கும்? 3.37 சதவீதம் கிடைத்தது.

நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால், மதோன் என்ற உணவுக் கம்பெனிக்கு ஒரு கொழுப்பில்லாத தயிர் விற்க வேண்டும். மதோன் என்று படித்ததும் எந்த நிஜக் கம்பெனி என்று பிரான்சில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தனோன் என்ற பெயரில் இரண்டு எழுத்தை மாற்றிப் போட்டால் போதும். ஆரம்பத்தில் ஒரு மீட்டிங் வருகிறது. நாவலிலேயே நல்ல பகுதி அதுதான் என்பேன். ஏஜென்சிக்காரர்கள் கொஞ்சம் புத்திசாலித்தனமான ஒரு விளம்பரக் கதையோடு போகிறார்கள். கிளையன்ட் பக்கத்து மார்க்கெட்டிங் தலைவர் கேட்கிறார். அவருக்குப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்ல மாட்டார், நுகர்வோருக்குப் புரியாது என்பார், பிராண்டின் மதிப்புகளோடு ஒட்டவில்லை என்பார், கூட உட்கார்ந்திருக்கும் இளையவர்கள் அவர் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராகத் தலையாட்டத் தொடங்குவார்கள். நல்ல யோசனை செத்துப் போகும், அதன் இடத்தில் யாருக்கும் எந்த உறுத்தலும் தராத ஒரு மொக்கை விளம்பரம் பாஸாகும். இதை வெளியிலிருந்து பார்த்து எழுத முடியாது. யார் முதலில் பேசுவார், யார் கடைசியில் பேசுவார், பிடிக்கவில்லை என்பதை எந்த வார்த்தையில் சொல்வார்கள் என்பதெல்லாம் பத்து வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

புத்தகத்தின் அமைப்பும் அப்படித்தான். ஆறு பாகம், நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு ஆளின் நோக்கில். நடுநடுவே டிவியில் வருகிற மாதிரி விளம்பர இடைவேளை வேறு உண்டு, குட்டிக்குட்டி விளம்பரக் கதைகளாக. முதல் ஐம்பது பக்கம் பறக்கும். அப்புறம் அலுக்க ஆரம்பிக்கும், காரணம் எளிது: ஒவ்வொரு வாக்கியமும் ஸ்லோகன் மாதிரி முடிகிறது. சுவரொட்டியில் ஒரு வரி இருந்தால் நின்று படிப்போம், தெரு முழுக்க அதையே ஒட்டினால் தலை குனிந்து நடந்துவிடுவோம். கதை மியாமிக்குப் போய் ஒரு கொலையில் முடிவதெல்லாம் எனக்கு நம்பும்படியாக இல்லை. ஆனால் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது, 2007-இல் யான் கூனன் இயக்கத்தில் ழான் துயுழார்தான் நடித்துப் படமாகவும் வந்தது. விளம்பரத்தைத் திட்டிய புத்தகம், விளம்பர உத்தியால் விற்ற புத்தகம், இரண்டும் ஒன்றே. பெக்பெதே இதை மறைக்கவில்லை, அதுதான் அவருடைய சரக்கே.

சரி, இருநூறு வருஷம் என்று சொன்னேனே, அங்கே போகலாம்.

1836-ஆம் ஆண்டு ஜூலையில் எமில் த ஜிரார்தன் என்பவர் பாரிஸில் 'லா ப்ரெஸ்' என்ற நாளிதழைத் தொடங்கினார். அப்போது பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா 80 பிராங்க். சாதாரண ஆள் நினைத்துப் பார்க்க முடியாத காசு. ஜிரார்தன் 40 பிராங்குக்குத் தந்தார். பாதிப் பணம் எங்கிருந்து வரும்? விளம்பரத்திலிருந்து. விளம்பரம் வர வேண்டுமென்றால் வாசகர் நிறைய வேண்டும், வாசகர் தினமும் பத்திரிகையைத் தேடி வர வேண்டுமென்றால் நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஏங்க வைக்கும் ஏதோ ஒன்று வேண்டும். அதுதான் தொடர்கதை. அதே வருஷம் அக்டோபரில் பால்சாக்கின் ஒரு நாவல் 'லா ப்ரெஸ்' இதழில் பகுதி பகுதியாக வெளியானது, பிரெஞ்சு நாளிதழில் தொடராக வந்த முதல் நாவல் அதுதான் என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆக முதல் பக்கத்தின் அடியில் நாவல், கடைசிப் பக்கத்தில் விளம்பரம். ஒன்று கூட்டத்தைக் கூட்டுகிறது, மற்றது அந்தக் கூட்டத்திடம் கல்லா கட்டுகிறது. இதில் எது கலை, எது வியாபாரம் என்று பிரித்துச் சொல்ல அன்றைக்கே கொஞ்சம் சிரமம்தான்.

பால்சாக்குக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. அச்சகம் வைத்துக் கடனில் மூழ்கி எழுந்தவர், காசு எப்படிப் புரளும் என்று தோல் உரிந்து கற்றவர். 1837 டிசம்பரில் வந்த 'செசார் பிரொத்தோ' நாவலைப் பார்த்தால் பெக்பெதே செய்ததில் புதுசு என்ன என்று கேட்கத் தோன்றும். பிரொத்தோ ஒரு வாசனைத் திரவியக் கடைக்காரர். முகத்துக்குப் பூசும் ஒரு பசைக்கு 'சுல்தானாக்களின் பசை' என்று பெயர் வைத்து விற்றுப் பணக்காரர் ஆனவர். சுல்தான் வீட்டுப் பெண்கள் யாரும் அதைத் தொட்டதில்லை, அது கதை, ஆனால் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது இல்லையா! அந்தப் பசைக்கு அவர் போட்ட நோட்டீஸை பால்சாக் முழுசாக நாவலுக்குள் தந்திருக்கிறார், கொட்டை எழுத்து, விஞ்ஞானிகள் ஒப்புதல் என்ற பந்தா, எல்லாவற்றோடும்.

அதைவிடச் சுவாரசியம் தலைமுடி எண்ணெய் விஷயம். பிரொத்தோ ஒரு பெரிய வேதியியல் விஞ்ஞானியிடம் போய் முடி வளர என்ன எண்ணெய் என்று கேட்கிறார். வோக்லன் என்ற அந்த விஞ்ஞானி நிஜத்தில் வாழ்ந்தவர். எந்த எண்ணெய்க்கும் முடி வளராது என்கிறார் அவர். நம் ஆள் சோர்ந்து போகவில்லை. எண்ணெய் தயாராகிறது, பல பெயர்களை யோசித்துக் கடைசியில் தலை என்ற பொருள் தொனிக்கும் கிரேக்க வாடையுள்ள ஒரு பெயர் வைக்கிறார்கள், பத்திரிகைக்கார இளைஞன் ஒருவன் நோட்டீஸ் எழுதித் தருகிறான். அந்த நோட்டீஸின் முக்கிய வாதம் என்ன தெரியுமா? எந்தத் தைலமும் முடியை வளர்க்காது என்பதுதான். போட்டிக் கம்பெனிகள் பொய் சொல்கின்றன, நாங்கள் சொல்ல மாட்டோம், இருக்கிற முடியைக் காப்போம், அவ்வளவே. உண்மையையே விற்பனைத் தந்திரமாக மாற்றுவது. இன்றைக்கு 'எங்கள் பொருளில் ரசாயனம் இல்லை' என்று டப்பாவில் போடுகிறவர்களுக்கு 1837-லேயே ஒருவர் வழி காட்டியிருக்கிறார். இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை: விளம்பரம் பற்றிய இந்த நாவல் முதலில் கடையில் விற்பனைக்கு வரவில்லை, அப்போதைய 'ஃபிகாரோ' பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர்களுக்கு இலவச இணைப்பாகக் கொடுக்கப்பட்டது.

பால்சாக் விளம்பரத்தைப் பற்றி எழுதினார் என்றால் எமில் ஸோலா அந்த வேலையையே பார்த்தவர். 1862-இல் ஆஷெத் பதிப்பகத்தில் பார்சல் கட்டும் வேலையில் சேர்ந்து, சீக்கிரமே அங்கே விளம்பரப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். இருபத்தி சொச்சம் வயசு. வேலை என்னவென்றால், புத்தகம் வந்ததும் அதைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதுவது, எந்தப் பத்திரிகையில் யார் விமர்சனம் எழுதுகிறார், யாருக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று பார்ப்பது. நான்கு வருஷத்தில் பாரிஸின் அத்தனை பத்திரிகைக்காரர்களும் பழக்கமானார்கள். 1864-இல் சொந்தச் சிறுகதைத் தொகுப்பு வந்தபோது அந்தப் பழக்கம் எவ்வளவு உதவியது என்று சொல்லத் தேவையில்லை, தனக்கே விளம்பர மேலாளராகி விமர்சகர்களுக்குக் கடிதம் எழுதினார். 1866 தொடக்கத்தில் வேலையை விட்டார். பதினேழு வருஷம் கழித்து, 1883-இல், பாரிஸின் பல்பொருள் அங்காடியை வைத்து ஒரு பெரிய நாவல் எழுதினார். அதில் கடை முதலாளி சாமான்களை வரிசையாக அடுக்குவதில்லை, வேண்டுமென்றே கலைத்து வைக்கிறான், வாங்க வந்தவர் கடை முழுக்கச் சுற்ற வேண்டும் என்று. குழந்தைகளுக்குக் கடையின் பெயர் போட்ட பலூன் இலவசம். தெருவெல்லாம் அந்தப் பலூன்களே விளம்பரம். இதையெல்லாம் ஸோலா பான் மார்ஷே போன்ற நிஜக் கடைகளுக்குப் போய்க் குறிப்பெடுத்து எழுதினார். ஆனால் குறிப்பெடுக்க எல்லோராலும் முடியும், எதைக் குறிக்க வேண்டும் என்று தெரிந்தது ஆஷெத் மேசையில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த வரிசையில் ப்ரூஸ்த் வருவார் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். படுக்கையில் படுத்துக்கொண்டு நினைவுகளை எழுதியவர், வியாபாரத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். 1913-இல் அவருடைய முதல் பெரிய நாவல் கிராஸே பதிப்பகத்தில் வந்தது, அச்சுச் செலவு அவருடையது. 2017-இல் ஏலத்துக்கு வந்த கடிதங்கள் மூலம் மிச்சமும் தெரிந்தது: தன் புத்தகத்தைப் புகழ்ந்து ஒரு குறிப்பை 'ஃபிகாரோ' முதல் பக்கத்தில் போட 300 பிராங்க் கொடுத்திருக்கிறார், இன்னொரு பத்திரிகைக்கு 660 பிராங்க். புகழ்மொழிகளையும் அவரே எழுதிக் கொடுத்தார், தன் கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னார். இன்றைக்குக் காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்குகிறவர்கள் இதை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

கிராஸே என்ற பெயரைக் கவனியுங்கள். அதன் நிறுவனர் பெர்னார் கிராஸேதான் பிரான்சில் புத்தகத்தைச் சோப்பு மாதிரி விற்கத் துணிந்த பதிப்பாளர். 1923-இல் ரேமோன் ராதிகே என்ற பொடியனின் நாவலை வெளியிட்டபோது அவர் நாவலைப் பற்றி அதிகம் பேசவில்லை, பொடியனின் வயசைப் பற்றிப் பேசினார். பதினேழு வயசில் எழுதிய நாவல்! பத்திரிகை எல்லாம் அதே பேச்சு. இலக்கிய உலகம் கொதித்தது, புத்தகம் விற்றது. அந்த டிசம்பரில் இருபது வயசிலேயே டைபாய்டில் ராதிகே இறந்துபோனார், நாவல் இன்றும் படிக்கப்படுகிறது, ஆக விளம்பரம் செய்ததால் நூல் கெட்டுவிடும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. 77 வருஷம் கழித்து '99 பிராங்க்' வெளியிட்டதும் அதே கிராஸேதான்.

இங்கே ஒரு கேள்வி வரும். வேறு நாடுகளிலும்தான் விளம்பரக்காரர்கள் நாவல் எழுதுகிறார்கள், பிரான்சில் மட்டும் ஏன் எழுத்தாளரே பிராண்டாகிறார்? ஒரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1992-இல் வந்த ஒரு ஆணைப்படி பதிப்பகங்கள் டிவியில் விளம்பரம் செய்யக் கூடாது. பத்திரிகை, வானொலி வருமானம் டிவிக்குப் போய்விடக் கூடாது என்பதும், பணக்காரப் பதிப்பகங்களின் பெரிய புத்தகங்கள் மட்டுமே தெரியும்படி ஆகிவிடும் என்பதும் பயம். பிற்பாடு கேபிள் சேனல்களில் தளர்த்தினார்கள், 2024-இல்தான் எல்லா டிவியிலும் இரண்டு வருஷச் சோதனையாக அனுமதித்தார்கள், அதற்கும் பதிப்பாளர் சங்கமே எதிர்ப்புத் தெரிவித்தது என்பது வேடிக்கை. ஆக நீண்ட காலமாக, டிவியில் புத்தகத்துக்கு விளம்பரம் இல்லை, ஆனால் எழுத்தாளர் வந்து உட்கார்ந்து பேசலாம். இதன் பலம் அந்த ஆணைக்கு முன்பே தெரிந்திருந்தது: பெர்னார் பிவோ 1975 முதல் 1990 வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் நடத்திய 'அப்போஸ்த்ரோஃப்' டிவி நிகழ்ச்சியில் ஒரு எழுத்தாளர் நன்றாகப் பேசிவிட்டால் மறுநாள் கடையில் அவர் புத்தகத்தைத் தேடிக் கூட்டம் வரும். பொருளை விளம்பரப்படுத்த முடியாது என்றால், பொருளைச் செய்தவரே விளம்பரமாக வேண்டியதுதான். இதைப் புரிந்துகொள்ள ஏஜென்சி ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பெக்பெதே 1994-இல் நண்பர்களோடு தொடங்கிய ஃப்ளோர் இலக்கியப் பரிசைப் பாருங்கள். இளம் எழுத்தாளர்களுக்கானது. பரிசுத் தொகையை விட எல்லோரும் நினைவு வைத்திருப்பது வேறொன்றை: வென்றவர் பாரிஸின் சேன்-ழெர்மேன் பகுதியில் உள்ள ஃப்ளோர் காப்பிக்கடைக்கு ஒரு வருஷம் தினமும் போய், தன் பெயர் பொறித்த கோப்பையில் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் இலவசமாகக் குடிக்கலாம். காப்பிக்கடைக்கு விளம்பரம், பரிசுக்கு விளம்பரம், எழுத்தாளருக்கு விளம்பரம், செலவு ஒரு கிளாஸ் ஒயின். பிரான்சின் தலையாய பரிசான கோன்கூர் வென்றவருக்குக் கிடைக்கும் காசோலை வெறும் 10 யூரோ என்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம். அங்கே பரிசு என்பது பணம் இல்லை, அட்டையில் சுற்றும் அந்தச் சிவப்புத் தாள் பட்டைதான்.

ழார்ழ் பெரெக்கைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. எனக்கு இந்தக் கூட்டத்தில் மிகப் பிடித்தவர் அவர்தான். ஏஜென்சியில் பெரிய பதவியில் இருந்தவர் இல்லை, இளம் வயசில் கொஞ்ச காலம் சந்தை ஆய்வுக்காக வீடு வீடாகப் பேட்டி எடுத்தவர். 1965-இல் வந்து ரெனோதோ பரிசு பெற்ற 'பொருட்கள்' என்ற சிறிய நாவலில் ழெரோம், சில்வி என்ற இளம் ஜோடி அதே வேலையைச் செய்கிறார்கள். மக்கள் எதை ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவார்கள், மாலையில் வீட்டுக்கு வந்து தாங்கள் வாங்க ஆசைப்படும் சோபா, கம்பளம், விளக்கு என்று ஏங்குவார்கள். நாவலின் ஆரம்பத்தில் ஒரு வீடு வருகிறது, அவர்கள் கனவு காணும் வீடு. மனிதர் ஒருவரும் இல்லை, சுவரில் தொங்கும் படம், தரை விரிப்பு, அலமாரி மரத்தின் நிறம் என்று கண் மெதுவாக நகர்கிறது. பெரெக் யாரையும் திட்டவில்லை, கேலிகூட அடக்கித்தான். கடைசியில் அந்த ஜோடிக்கு போர்தோ நகரத்தில் ஒரு விளம்பர ஏஜென்சியில் நிர்வாக வேலை கிடைக்கிறது, சம்பளம் வருகிறது, ஆசைப்பட்டதெல்லாம் வாங்கலாம், கதை முடிந்தது. பெரெக் முடிக்கிற இடத்தில்தான் பெக்பெதே ஆரம்பிக்கிறார். ஏஜென்சிக்குள் போனவர்கள் முப்பத்தைந்து வருஷத்தில் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒக்தாவ்தான் பதில் என்று வைத்துப் படித்தால் '99 பிராங்க்' கொஞ்சம் கனம் கூடுகிறது.

பெக்பெதேவுக்கு நேர் எதிரான ஆள் க்ரேகுவார் தெலாகூர். வட பிரான்சின் வலான்சியென் ஊர்க்காரர், 1960-இல் பிறந்தவர், எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து விளம்பரம், பிற்பாடு சொந்த ஏஜென்சி. முதல் நாவல் 2011-இல், ஐம்பதைத் தொட்ட பிறகு. அதன் கதை: சின்ன வயசில் நாலு வரி எதுகையோடு எழுதிய பையனை வீடே எழுத்தாளன் என்று கொண்டாடுகிறது, அந்த நாலு வரிக்கு மேல் அவனுக்கு வரவில்லை, பெரியவனாகி விளம்பரக்காரன் ஆகிறான், நன்றாகச் சம்பாதிக்கிறான், உள்ளுக்குள் தோற்றவனாகவே வாழ்கிறான். அடுத்த வருஷம் வந்த 'என் ஆசைகளின் பட்டியல்' பல நாடுகளுக்குப் போனது. அராஸ் ஊரில் ஊசி நூல் பொத்தான் கடை வைத்திருக்கும் ஒரு நடுவயசுப் பெண்ணுக்கு லாட்டரி விழுகிறது, 18,547,301 யூரோ 28 சென்ட். அவள் காசோலையை மாற்றாமல் ஒளித்து வைக்கிறாள், இப்போது இருக்கும் வாழ்க்கை போய்விடுமோ என்ற பயம். அந்த 28 சென்ட்டைப் பாருங்கள். பதினெட்டு மில்லியன் என்று சொல்லியிருந்தால் காதில் விழுந்து போயிருக்கும், 28 சென்ட் வரை சொன்னதும் நிஜமாகிவிடுகிறது. முப்பது வருஷம் முப்பது வினாடிக்குள் கதை சொல்லிப் பழகிய கை. பெக்பெதே தொழில் வித்தையை ஊரறியக் காட்டுவார், தெலாகூர் அதைத் துணிக்குள் மறைத்துத் தைத்துவிடுவார். விமர்சகர்கள் பலருக்கு இது இனிப்பு அதிகம். எனக்கும் சில இடங்களில் அப்படித்தான்.

ஆனால் அந்தக் கெட்டிக்காரரே அடுத்த நாவலில் ஒரு இடத்தில் சறுக்கினார். 2013-இல் வந்த அந்த நாவலில் ஸ்கார்லெட் ஜோஹான்சன் மாதிரியே இருக்கும் ஒரு பெண், ஒரு மெக்கானிக்கின் கதவைத் தட்டுகிறாள். நிஜ நடிகை வழக்குப் போட்டார். 2014 ஜூலையில் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, நாவலில் அவருக்கு இல்லாத காதல் விவகாரங்களைக் கட்டிவிட்டதற்காக 2,500 யூரோ நஷ்டஈடு. அவர் கேட்டது 50,000. மொழிபெயர்ப்பையும் திரைப்படத்தையும் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு பிரபலத்தின் பெயரைப் பயன்படுத்தினால் அதற்கு ஒரு விலை உண்டு என்பது விளம்பரத் துறையின் அரிச்சுவடி, நாவலாசிரியரான பிறகு அது மறந்துவிட்டது போலிருக்கிறது.

இரண்டு வேலையும் ஏன் என்றால், காசு ஒரு பதில். பிரான்சில் முதல் நாவலுக்கு எழுத்தாளர் பங்கு பெரும்பாலும் விலையில் எட்டு முதல் பத்து சதவீதம், 20 யூரோ புத்தகத்தில் இரண்டு யூரோவுக்குள். இதை நம்பி பாரிஸில் வாடகை கட்ட முடியாது. ஆசிரியர், பத்திரிகையாளர், பதிப்பகத்தில் எடிட்டர் என்று பெரும்பாலான எழுத்தாளர்களுக்கு ஒரு பகல் வேலை உண்டு, வார்த்தைக்குக் காசு தரும் வேலைகளில் நல்ல சம்பளம் விளம்பரத்தில்தான். அந்த வேலை தருவதும் எடுப்பதும் வேறு. வெட்டத் தெரியும், பெயர் வைக்கத் தெரியும், யார் படிக்கப் போகிறார் என்ற நினைப்பு எப்போதும் இருக்கும். இழப்பது பொறுமையை. பத்துப் பக்கம் ஒன்றுமே நடக்காமல் ஒரு மனிதரோடு உட்கார்ந்திருக்கும் துணிச்சல் அவர்களிடம் அபூர்வம், கிளையன்ட் தூங்கிவிடுவாரோ என்ற பழைய பயம்.

இப்போது முதலாளிகள் பக்கம் வருவோம். ஸோலா பார்சல் கட்டிய ஆஷெத், 1954-இல் கிராஸேவை வாங்கிக்கொண்டது. தெலாகூரின் நாவல்களை வெளியிட்ட ழே.ஸே. லாத்தேஸும் ஆஷெத் குழுமம்தான். அந்த ஆஷெத் 2023-இல் தொழிலதிபர் வன்சான் பொலொரே குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த விவெந்தி என்ற ஊடகக் குழுமத்தின் கையில் போனது. விவெந்தி என்ற பெயரே பிராண்டிங்காரர்கள் செய்த ஒரு பெயர்: 1853-இல் தொடங்கிய ஒரு தண்ணீர்க் கம்பெனி 1998-இல் அப்படிப் பெயர் மாற்றிக்கொண்டது. அதே விவெந்தியிடம் அவாஸ் என்ற உலகளாவிய விளம்பரக் குழுமமும் இருந்தது. அவாஸ் யார்? ஜிரார்தன் பத்திரிகை தொடங்குவதற்கு முந்தின வருஷம், 1835-இல், ஷார்ல்-லூயி அவாஸ் தொடங்கிய செய்தி நிறுவனம், பிற்பாடு பத்திரிகைகளுக்குச் செய்தியும் விளம்பரமும் சேர்த்தே விற்றது. 2024 டிசம்பரில் இவற்றைத் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் போட்டார்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் பெரிய பங்குதாரர் அதே பொலொரே குழுமம். சுற்றிச் சுற்றி சுப்பன் கொல்லைதான். இன்றைக்கு பாரிஸில் ஒரு காப்பிரைட்டர் பகலில் அவாஸில் ஸ்லோகன் எழுதி, இரவில் எழுதிய நாவலை கிராஸேவுக்குக் கொடுத்தால், இரண்டு காசோலையும் கடைசியில் ஒரே குடும்பத்தின் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லலாம். பதிப்பகம் ஒருவர் கையில் குவிவது பற்றி அங்கே எழுத்தாளர்கள் கவலைப்படுவது வீணான கவலை இல்லை, முதலாளியைத் திட்டி ஒக்தாவ் மாதிரி வெளியேறினாலும் அடுத்து போய்ச் சேருகிற கதவும் அவருடையதாக இருக்கலாம்.

இவர்களில் யாரிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், பெக்பெதேவிடம் நேராகப் போக வேண்டாம் என்பேன். பெரெக்கின் 'பொருட்கள்' சின்னப் புத்தகம், ஆங்கிலத்தில் கிடைக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அப்புறம் '99 பிராங்க்', பாதியில் அலுத்தால் வைத்துவிடலாம், மீட்டிங் காட்சி அதற்கு முன்பே வந்துவிடும். நேரம் இருக்கிறவர்கள் 'செசார் பிரொத்தோ' படிக்கலாம். நடுவில் பாரிஸ் மனை வியாபாரம், கடன், திவால் என்று நீளமான கணக்குவழக்கு வரும், தாண்டிப் போகிறவர்களை பால்சாக் மன்னிப்பார், முடி எண்ணெய் நோட்டீஸை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.